என் வாய்க்கு வேறொருத்தி குரல்

திருமழபாடித் திருவிழாவில் நாடகம் போட்டபோதுதான் என்னைச் சினிமாவுக்குக் கேட்டார்கள். அப்போது எனக்கு நாடகத்தில் நல்ல பெயர். முகத்துக்காக இல்லை, குரலுக்காக. மைக் மக்கர் செய்தாலும் நான் அழுவது கொள்ளிடக் கரைவரை கேட்கும் என்பார்கள். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். "வெடிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி வளந்த தொண்டை அது" என்று எல்லோரிடமும் சொல்வார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் நாடகத்துக்கு அவர்தான் துணைக்கு வருவார்.

சென்னையில் எனக்குக் கொடுத்தது கதாநாயகனின் விதவை அக்கா வேடம். காட்சிகள் கொஞ்சம்தான், ஆனால் நல்ல காட்சிகள். வசனத்தில் 'வீடு' என்று வரும் இடத்திலெல்லாம் என் வாயில் 'வூடு' என்றே வந்தது. உதவி இயக்குநர் திருத்தினார். திருத்தத் திருத்த நாக்கு இன்னும் புரண்டது. லைட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. "விடுங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

டப்பிங் என்றால் நான் மறுபடி வந்து நிதானமாகப் பேசுவது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து அடுப்படியில் தனியாக நின்று 'வீடு, வீடு' என்று சொல்லிப் பழகினேன். யாரும் கூப்பிடவில்லை. படமே வந்துவிட்டது.

அரியலூர்க் கொட்டகையில் படம் போட்ட அன்று அப்பா சொந்தக்காரர்களையும் குவாரி ஆட்களையும் திரட்டிக்கொண்டு வந்தார். வேலை பார்த்த சட்டையோடே சிலர் வந்திருந்தார்கள். திரையில் நான் வந்ததும் விசில் அடித்தார்கள். பிறகு நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறொரு பெண்ணின் குரல். மெல்லிய, பட்டணத்துக் குரல். 'வீடு' அதில் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

விசில் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. என் பக்கத்தில் இருந்த அத்தை குனிந்து, "ஏம் புள்ள, இது யாரு பேசுறது?" என்றாள்.

"நாந்தான் அத்தை. மெசின்ல போட்டா அப்படித்தான் ஆவும்."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது கேட்டது. இடைவேளையில் அவரே எல்லோருக்கும் சொன்னார். "மெசின்ல குரலு மாறிடுமாம். பெரிய பெரிய நடிகைக்கே அப்படித்தானாம்." அவர் கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

பொய் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த பருவத்தில் நாடக நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் 'திரைப்பட நடிகை' என்று போட்டார்கள். ஊர் ஊராக நாடகம் பேசிக் கொடுக்கும் ஏஜெண்ட் சொன்னார்: "சினிமாவுல பேசுன மாதிரியே பேசும்மா. ஜனங்க அதைக் கேக்கத்தான் வருவாங்க."

பெரம்பலூர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸ்களில் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருந்தது. முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தக் குரல்காரி எங்கே இழுக்கிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்று மனப்பாடம் செய்தேன். மேடையில் அப்படியே பேசினேன். கைதட்டினார்கள். அப்பா கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார். பஸ்ஸில் வரும்போது, "மெசின் இல்லாமயே அப்படி பேசுறியே" என்றார். மெச்சினாரா குத்தினாரா தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில வருடங்கள் அந்தக் குரலில்தான் பிழைத்தேன். மேடைக்கு வெளியே, அந்நியரிடம் பேசும்போதும் அதுவே வந்தது.

பிறகு ஒரு முறை, தெரிந்த ஆர்மோனியக்காரர் மூலமாகச் சென்னையில் டப்பிங் வேலை கிடைத்தது. படத்தில் வரும் கூட்டத்துக்காகக் கத்தும் வேலை. அங்கே பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள் பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளரோடு அவர் பேசியதைக் கேட்டதுமே அடையாளம் தெரிந்துவிட்டது. போய் நின்றேன்.

"நீங்க எனக்குப் பேசியிருக்கீங்கம்மா."

"அப்படியா? எந்தப் படம்?"

சொன்னேன். அவருக்கு நினைவில்லை. "அந்தச் சமயம் நெறையப் பேசினேம்மா" என்றார். அப்புறம் என்னை உற்றுப் பார்த்தார். "இப்ப பேசுறது உங்க குரலா?"

"ஆமாங்க."

"இல்லம்மா. இது என் குரல். நான் மூச்சு வாங்குற எடத்துலயே நீங்களும் வாங்குறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் இரக்கமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. "உங்க குரல்ல ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் அவர் குரலே வரும்போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அப்போது குவாரித் தூசியில் இருமல் வந்து வேலையை விட்டிருந்தார்.

"அந்தப் படத்துல பேசுனது நான் இல்லப்பா."

"தெரியும் புள்ள."

"எப்ப தெரியும்?"

"அன்னக்கே தெரியும். எம் மவ குரலு எனக்குத் தெரியாதா? அத்தினி பேரையும் கூட்டியாந்து உக்கார வச்சிட்டேன். ஒனக்கு அசிங்கமாப் போயிடக் கூடாதுன்னு நானும் எல்லார்ட்டயும் மெசின்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் இருமினார். "நாஞ் சொன்ன பொய்யைக் காப்பாத்தத்தான் நீ அப்படி பேசுறேன்னு நெனச்சேன். நிறுத்தச் சொல்ல வாய் வரல."

அத்தனை வருடமும் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றிருக்கிறோம்.

அடுத்த நாடகம் பெரம்பலூரில். என் தொண்டையிலேயே பேசினேன். இரண்டு இடத்தில் உடைந்தது. கூட்டத்தில் ஒருவர், "சினிமாவுல பேசுன மாதிரி பேசச் சொல்லுங்கப்பா" என்றார். சிரித்தார்கள். ஆனாலும் மாற்றாமல் கடைசிவரை பேசி முடித்தேன். ஏஜெண்ட் திட்டவில்லை. அடுத்த பருவத்தில் கதாநாயகிக்கு வேறு பெண்ணைப் போட்டார், எனக்கு அம்மா வேடம்.

வரதராஜன்பேட்டையில் முதன்முதலாகத் தலையில் வெள்ளை பூசிக்கொண்டு நின்றேன். கதாநாயகியாக வந்த அந்தப் பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எந்தக் குரலில் வாழ்த்துவது என்று தெரியாமல் அவள் தலையில் கை வைத்தேன். அம்மா வேடத்துக்கு வசனம் குறைவு. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.