உதடு பார்த்துக் கேட்பவருக்கு ஒரு படம்

அருப்புக்கோட்டை நூலகத்தில் நாளிதழ்கள் விரிந்து கிடக்கும் நீண்ட மேசையின் கிழக்கு முனையில் நாங்கள் மூவர் வழக்கமாக அமர்வோம். பருத்திக் கமிஷன் கடையில் எடை போடும் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பாலவனத்தத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்து சேர்பவன் நான். இரண்டாமவர் வளைகுடா நாட்டில் மளிகைக் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பிய பாய். மூன்றாமவர் விசைத்தறிக் கூடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த நெசவாளர். எந்த நூலை வாசிக்கலாம், எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று எங்களுக்குள்ளும், அருகில் வந்து அமரும் பிற வாசகர்களுக்கும் எடுத்துரைப்பதே எங்களுக்கு அங்கே வாய்த்த உத்தியோகம். சொன்னது பிடித்துப்போனால் எவரும் வந்து நன்றி கூறுவதில்லை. பிடிக்காமற்போனால் மட்டும் தேடி வந்து கேட்பார்கள்.

ஒருவருக்கு ஒன்றைச் சிபாரிசு செய்வது எளிய காரியமன்று. நூலை மட்டும் அறிந்திருந்தால் போதாது, ஆளையும் அறிந்திருக்கவேண்டும். நெசவாளரோடு பழகத் தொடங்கிய புதிதில், துப்பறியும் கதை ஒன்றை அவரிடம் நீட்டி, "இதுல நல்ல முடிச்சு இருக்கு" என்றேன். அவர் அதை வாங்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முடிச்சு விழுந்தா அது தள்ளுன துணில்ல அண்ணாச்சி. அதப் போயி எனக்குக் குடுக்குறீக."

பாய் சிரித்த சிரிப்பில் நூலகர் அம்மையார் தம் இருக்கையிலிருந்து எழுந்து பார்த்தார். அன்று முதல் நெசவாளர்முன் அச்சொல்லை நான் எடுப்பதில்லை. "இழை அறாமப் போகும்" என்பேன். மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வார்.

தறிகளின் பேரிரைச்சல் அவருடைய செவிப்புலனைச் சிறுகச் சிறுகத் தின்றுவிட்டிருந்தது. அவரோடு பேசுவோர் எதிரே அமர்ந்து முகம் காட்டிப் பேசவேண்டும். அமைதி காக்கவேண்டிய நூலகத்தில் இது ஒருவகையில் வசதியே. நாங்கள் குரலே எழுப்பாமல் உதட்டை அசைத்தால் அவருக்கு விளங்கிவிடும். ஆனால் அவர் மறுமொழி கூறும்போது, இன்னும் சுற்றிலும் தறிகள் ஓடுவதாக எண்ணிக்கொண்டு கூறுவார். "ஐயா, மெதுவா" என்று நூலகர் அம்மையார் சொல்வதும், அம்மையார் முதுகைத் திருப்பியிருந்தால் அது அவரைச் சென்று சேராமற்போவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள்.

சென்ற ஆடியின் முடிவில் ஒரு நாள் அவர் தாமதமாக வந்தார். நாளிதழைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஒரு படம் சொல்லுங்க. நானும் வீட்லயும் சேந்து உக்காந்து பாக்குறாப்ல."

அவருடைய துணைவியாரும் அதே கூடத்தில், ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றும் பணியில் இருந்தவர். இருவரும் அருகருகே உழைத்த காலத்தில் இல்லாத மௌனம், ஓய்வுக்குப் பிறகு வீட்டில் வந்து குடியேறிவிட்டதாம். அந்தியில் அம்மையார் தொலைக்காட்சியின் முன் அமர்வார். இவர் வாசலில் போய் அமர்வார். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள், பெரிய தொலைக்காட்சி ஒன்றை வாங்கித் தந்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

"திருப்பூருக்குப் போறேங்கிறா. மக வீட்டுக்கு. ஆவணி பொறந்ததும் பஸ்ஸு ஏறிருவாளாம். எம்புட்டு நாளைக்குன்னு கேட்டேன். 'பேச்சுத்துணை இருக்கிற எடத்துல இருந்துக்கிறேன்'னுட்டா."

இதையும் உரத்த குரலிலேயே சொன்னார். மேசையின் மறுமுனையில் போட்டித் தேர்வு நூல்களைப் படித்துக்கொண்டிருந்தோர் தலையை நிமிர்த்திவிட்டுக் கண்ணியமாகக் குனிந்துகொண்டனர்.

பாய் உடனே தம் அலைபேசியை எடுத்தார். அயல்நாட்டில் பல மொழிக்காரர்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தவராதலின், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்தே படம் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதையே இவருக்கும் கூறினார். நெசவாளர் கையை விரித்தார். "நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுக்குள்ள அந்தப் படம் அடுத்த ஊருக்குப் போயிரும் பாய்."

ஆகவே பொறுப்பு என்னிடம் வந்தது. பனிமலை ஊர் ஒன்றில் ரொட்டிக்கடை நடத்தும் வயோதிகத் தம்பதியரின் கதையை நான் சிபாரிசு செய்தேன். வேற்றுமொழிப் படம், நல்ல தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் சேர்ந்து பார்ப்பதற்கு அதனினும் பொருத்தமான படம் இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்பினேன். ஒலியை உயர்த்தி வைத்தால் அவர் செவிக்கும் எட்டும் என்று கணக்கிட்டேன். பாய் அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று படத்தைத் தேடி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் நெசவாளர் நேராக என்னிடம் வந்தார். அமரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, அந்தப் படத்துல அம்புட்டுப் பேரும் பொய் பேசுறாக."

எனக்கு விளங்கவில்லை.

"படத்தப் பாத்து அவ உக்காந்து அழுகுறா. நான் அந்தாளு வாயப் பாக்குறேன். கஞ்சி குடிக்கிறவன் மாதிரி சும்மா அசைக்கிறான். 'என்னடி சொல்றான்?'னு கேட்டேன். 'நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்றான்'னா. 'அவன் அப்பிடிச் சொல்லவே இல்ல'ன்னேன். அம்புட்டுத்தேன். ரிமோட்ட வச்சிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா."

பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. எனக்கோ சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று. தறிக்கூடத்தில் வேலை செய்வோர் ஒருவர் சொல்லை ஒருவர் காதால் கேட்பதில்லை. இரைச்சலுக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வர். அந்தப் பழக்கம் ஊறியவருக்கு வாய் ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொன்னால், ஒலிதான் பொய். வேற்றுமொழியில் அசையும் உதடுகளின் மேல் தமிழை ஒட்டிவைத்த படத்தை அவருக்குச் சொன்னது நான். நல்ல படம்தான், ஆனால் அவருக்கு உதவாத படம்.

"இப்ப என்ன செய்றாக?" என்று கேட்டேன்.

"துணி மடிச்சு வைக்கிறா" என்றார். எந்தப் பயணத்துக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று நாங்கள் நாளிதழையே பிரிக்கவில்லை. தமிழ்ப் படமாக இருக்கவேண்டும்; நடிப்போரும் தமிழ் பேசுவோராக இருக்கவேண்டும் என்பது முதல் நிபந்தனை. வடக்கிலிருந்து வரும் கதாநாயகிகளைப் பற்றி நெசவாளருக்குப் பழைய மனக்குறை உண்டு. "மேல காதல் வசனம் கேக்குதாம். அந்தப் பிள்ள வாயில ஒண்ணு ரெண்டு மூணுன்னுல்ல எண்ணிக்கிட்டு இருக்கு." முகங்கள் அண்மையில் தெரியவேண்டும், காட்சிகள் பெரும்பாலும் பகலில் நிகழவேண்டும். பாய் ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல நெசவாளர் ஒவ்வொன்றையும் தள்ளினார். எல்லாவற்றிலும் ஒரே தடை.

"மீசை, பாய். மேல் உதடே தெரியாது."

"மீசையில்லாத கதாநாயகனுக்கு நம்ம பக்கம் நான் எங்கிட்டுப் போவேன்?" என்று பாய் சலித்துக்கொண்டார்.

திரும்பி வந்த நூல்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த நூலகர் அம்மையார் அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏன் ஆம்பளைங்க படமாவே தேடுறீங்க? பொம்பளைங்க கதை ஏதாவது பாருங்களேன். மீசைத் தொந்தரவு இருக்காது" என்று கூறிவிட்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார்.

பாய் அலைபேசியில் அதுவரை தேடிவைத்திருந்த படங்களையெல்லாம் மூடினார்.

பிறகு பாய் ஒரு படத்தை நினைவுகூர்ந்தார். பெரிதாக ஓடாத சின்னப் படம், நானும் பார்த்திருந்தேன். ரயில்வே கேட் அருகே தேநீர்க்கடை நடத்தும் அக்காள் தங்கை இருவரின் கதை. பேச்செல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. பெற்றோர் சண்டையிட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையாகச் சென்றுவிட, பெண்கள் இருவரும் கடையை நடத்துகிறார்கள். இறுதிக் காட்சியில் தண்டவாளத்துக்கு அப்பால் நிற்கும் அக்காளுக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. அவள் அதை இப்பாலுள்ள தங்கைக்குக் கூவிச் சொல்கிறாள். அந்நேரம் பார்த்துச் சரக்கு ரயில் இடையே புகுந்துவிடுகிறது. பெட்டிகளின் இடைவெளியில் அவள் முகம் தெரிகிறது, குரல் கேட்பதில்லை. தங்கை சிரிக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. வீடு திரும்புவது தாயா தகப்பனா என்று இயக்குநர் கடைசிவரை சொல்வதில்லை.

பாய் மீண்டும் நெசவாளர் வீட்டுக்குச் சென்றார். அவருடைய துணைவியார் காப்பி கொடுத்தாராம், ஆனால், "இன்னொரு படமா?" என்று கேட்ட குரலில் உற்சாகம் எதுவும் இல்லையாம்.

மறுநாள் நெசவாளர் நூலகத்துக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் திருச்சுழிப் பக்கம் நல்ல மழை. கரிசல் குழைந்து செருப்பில் ஒட்டிக்கொள்ளும் என்று மேசையே வெறிச்சோடியது. ஆவணியும் பிறந்துவிட்டது. பேருந்து நிலையத்தில், திருப்பூர் போவோர் ஏறும் மதுரை வண்டி நிற்குமிடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் பார்வை ஜன்னலோர இருக்கைகளில் சென்று தங்கியது. பாயிடம் கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தமக்கும் தயக்கமாக இருக்கிறது என்றார். நாம் சிபாரிசு செய்த படத்தால் ஒரு குடும்பம் இரண்டு ஊராகப் பிரிந்தது என்ற பேச்சு நமக்கு எதற்கு என்று அரைவிளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

மழை விட்ட பின் ஒரு முற்பகலில் நெசவாளர் வந்தார். பின்னால் அவருடைய துணைவியாரும் வந்தார். அவர் நூலகத்துக்குள் நுழைவது அதுவே முதல் முறை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னார் என்று எவரும் அறிமுகப்படுத்தும் முன்னரே என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதான அந்தப் படத்தச் சொன்னது? நீங்களே சொல்லுங்க. ரயிலுக்கு அங்கிட்டு நின்னு அந்த அக்காக்காரி, 'அம்மா வாராக'ன்னுதான சொல்றா?"

"அப்பா வாராகன்னு சொல்றா" என்றார் நெசவாளர், நூலகம் முழுவதற்குமாக.

"இவுக இப்பிடித்தேன். நானும் அதே ஷெட்டுல இருந்தவதான். எனக்கும் வாய் பாக்கத் தெரியும்."

"தார் சுத்துறவுகளுக்குப் பாதிதேன் தெரியும்."

"ஆமா, தறி ஓட்டுனவுகளுக்கு முழுசாத் தெரிஞ்சு கிழிச்சீக."

நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் காட்சியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பார்ப்பதற்கு இருக்கக்கூடும் என்று தோன்றியதில்லை. பாய் ஒலியெழுப்பாமல், "அம்மா" என்றார். பிறகு, "அப்பா" என்றார். இரண்டு முறையும் உதடுகள் ஒரேவிதமாகக் கூடிப் பிரிந்தன. நான் செய்து பார்த்தேன், அப்படியே. நூலகர் அம்மையாரும் தம் இருக்கையில் இருந்தபடியே சத்தமின்றி வாயை அசைத்துப் பார்ப்பதைக் கண்டேன். போதாக்குறைக்கு, நம் பக்கத்து மரியாதைப் பேச்சில் தாய்க்கும் 'வாராக', தகப்பனுக்கும் 'வாராக'. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்திருந்தால் 'வர்றாரு' என்றோ 'வர்றா' என்றோ சொல்லித் தீர்ப்பைக் கையில் கொடுத்திருப்பாள்.

"ஷெட்டுல இந்தக் குழப்பமே வராதுண்ணே" என்றார் நெசவாளரின் துணைவியார். "அப்பான்னா மீசையத் தொட்டுக் காட்டுவோம். அம்மான்னா மூக்குத்தி. இந்தச் சினிமாக்காரிக்கு அது தெரியல."

"பல தடவ போட்டுப் பாத்துட்டோம்" என்றார் நெசவாளர். "சத்தத்தச் சுத்தமா அமத்திட்டே பாக்கோம். அவளுக்கும் அதுதேன் தோதா இருக்காம்."

"சத்தம் இருந்தா ரயிலுதானண்ணே கேக்குது" என்றார் அம்மையார்.

இத்தனை நாளும் நெசவாளர் நூலகத்துக்கு வராமற்போனதன் காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் முக்கியமானதை எவராவது கேட்டாகவேண்டும். பாய் கேட்டார்.

"திருப்பூருக்கு எப்பம்மா?"

"போகத்தான் செய்யணும் பாய். மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா." அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இவுகளும் வாராக. மக வீட்ல டிவி இன்னும் பெருசு. அதுல ஒருக்கா போட்டுப் பாத்தா வாய் நல்லாத் தெரியும். பாத்துட்டு ரெண்டு பேருமா வந்துருவோம்."

"ஐயா, மெதுவா" என்றார் நூலகர் அம்மையார், நெசவாளர் இன்னும் வாயே திறக்காதபோது. நெசவாளர் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; ஆகவே சிரித்தார்.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தாலும் கூறியிருப்பேனா என்பது ஐயமே. பாய் மட்டும், தாம் அம்மா பக்கம் என்று சொல்லி நெசவாளரின் கண்டனத்தை வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது அம்மையார் வாயிற்படியில் நின்று திரும்பினார்.

"அண்ணே, பஸ்ஸு ஏறுறதுக்குள்ள இன்னொரு படம் சொல்லி வையிங்க. முடிவ உடைச்சுச் சொல்லாத படமாப் பாத்துச் சொல்லுங்க. அதுலதான் பேசுறதுக்கு இருக்கு."

நான் யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். பாய் அதற்குள் அலைபேசியைத் திறந்து, அப்படிப்பட்ட படம் ஒன்றைத் தேடியெடுத்து, அதில் நடித்தவர்களுக்கு மீசை உண்டா என்று ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.