பந்தலுக்குக் கை காட்டியவர்

எங்கள் திருவொற்றியூர் பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுபவர். வெயிலில் கருத்த முகம். வழி கேட்டால்கூட விரலால்தான் பதில்.

கொல்லையில் கீரைப்பாத்திக்கு நிழல்வலைப் பந்தல் போட்டோம். மனைவியும் மகளும் மச்சானும் குழாய்ச் சட்டத்தைக் கீழிருந்து தாங்க, நான் ஏணியில் நின்று அதைக் கம்பங்களில் பொருத்த வேண்டும். "இந்தாண்ட!" "அந்தாண்ட!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என் காலடியில் ஏணி ஆடியது. விட்டால் சட்டம் அவர்கள் தலையில்.

மதிலுக்கு மேல் ஓர் உள்ளங்கை எழுந்தது. எல்லோரும் அடங்கினோம். விரல் காட்டிய பக்கம் நகர்ந்தோம், முஷ்டி மூடியதும் நின்றோம். சட்டம் கம்பங்களில் உட்கார்ந்தது.

"பயந்துகினியா நைனா?" என்று வாய் திறந்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சேச்சே, இல்லண்ணே."

"ஏணி இன்னும் ஆடிகினு கீதே. அதுவாச்சும் உண்மய பேசட்டும்."

இப்போதெல்லாம் நான் வீட்டில் கத்தினால் மனைவி அவரைப் போலவே முஷ்டியை மூடுகிறாள். நின்றுவிடுகிறேன், ஏணியில் நின்றதைவிட உறுதியாக.