ஏரியில் மிதக்கும் பானைகள்

1991, மார்கழி. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் பனி இன்னும் விலகவில்லை. சென்னையிலிருந்து வேனில் பறவை பார்க்க வந்தவர்களில் நானும் ஒருவன். பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது என்று வழிகாட்டி மறுபடியும் அதட்டுகிறார். வரிசையாக நிற்கிறோம். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த சிறு வாத்துகள் தண்ணீரில் கூட்டமாக இருக்கின்றன.

அவற்றின் நடுவே சில மண்பானைகள் மிதப்பது பைனாகுலரில் தெரிகிறது. காற்று கரைப்பக்கம் அடிக்கிறது. ஒரு பானை மட்டும் எதிர்த்துப் போகிறது. அது நெருங்கியதும் ஒரு வாத்து சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போகிறது. மேலே வரவில்லை.

பக்கத்தில் ஈரச் சாக்கோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மெதுவாகக் கேட்கிறேன்.

"அந்தப் பானை எப்படிம்மா தானா நகருது?"

"எங்க வூட்டுக்காரரு சார். பானைய தலையில கவுத்துக்கினு கழுத்தளவு தண்ணீல கீறாரு. கால புடிச்சு இழுத்துருவாரு."

"வாத்து பயந்து பறக்காதா?"

"வெறும் பானைங்கள முன்னாடியே மெதக்க வுட்டுப் பழக்கிட்டோம்."

வழிகாட்டி திரும்பி எங்களை முறைத்து, உதட்டில் விரல் வைக்கிறார். அவள் குரலைத் தாழ்த்துகிறாள்.

"அவரு சொல்றது சரிதான் சார், அப்படியே நில்லுங்க. எல்லா வாத்தும் உங்களையே பாத்துக்கினு கீது."