கேட்காமல் விட்ட நான்காவது பாஸ்

அபிராமி, நிலவன், என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டீர்கள். அதனால் என் வேலையில் நான் விட்ட ஒரு பிழையை எழுதி வைக்கிறேன்.

பிராங்பேர்ட்டில் நான் வேலை செய்யும் பயணச்சீட்டுக் கடைக்கு, எகிப்துக்குச் சீட்டுப் பதிய ஒரு குடும்பம் வந்தது. சிவநாதன் அண்ணை, ராணி அக்கா, இரண்டு பிள்ளைகள். பிரமிட் பார்ப்பது அக்காவின் ஆசை. அவருக்கு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. லீவு எடுத்து எங்கும் போனவர் இல்லை.

அண்ணை மூன்று சிவப்பு ஜெர்மன் பாஸ்போர்ட்களை மேசையில் வைத்தார். அக்காவின் பெயரையும் பிறந்த திகதியையும் வாயால் சொன்னார். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அக்காவிடம் இருப்பது வேறு பாஸ் என்று எனக்கு விளங்கியது. ஆனால் எங்கள் ஆட்களிடம் "உங்களிட்டை என்ன பாஸ்" என்று கேட்பது அழகில்லை. கேட்காமலே பதிந்தேன்.

புறப்படும் அன்று காலை அண்ணை போன் எடுத்தார். "தம்பி, இவவை ஏத்தமாட்டினமாம். நீலப் பாஸுக்கு முதலே விசா எடுத்திருக்க வேணுமாம்."

நீலப் பாஸ் என்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். ஜெர்மன் பாஸ்காரர் அங்கே இறங்கி விசா வாங்கலாம். நீலத்துக்கு அது இல்லை.

எஸ்-பான் ரயிலில் விமான நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. அக்காவை ஏற்ற வழி உண்டா என்று அங்கிருந்த பெண்ணிடம் மூன்று விதமாகக் கேட்டேன். அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, தூதரகம் பூட்டு. எல்லாரும் வீட்டுக்குத் திரும்புவோம் என்றார் அண்ணை. சின்ன மகள் அழத் தொடங்கினாள்.

அக்காதான் முடிவெடுத்தார். "நீங்கள் மூண்டு பேரும் போங்கோ. பிரமிட் எழும்பி ஓடாது."

அவர்கள் உள்ளே போனபின் என்னிடம் மெல்லச் சொன்னார்: "குடியுரிமைக்கு மொழிச் சோதனை ரெண்டு தரம் எழுதி ஃபெயில், தம்பி. வெக்கத்தில சொல்லேல்லை. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

திரும்பும் எஸ்-பானில் அக்கா வெயிலுக்கு வாங்கிய தொப்பியைக் கழற்ற மறந்தபடியே இருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேட்காமல் விட்டதை மரியாதை என்று நினைத்திருந்தேன். உண்மையில் எனக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். வேலையில் எந்தக் கேள்வி வாயில் தடுக்கிறதோ, பிள்ளைகள், அதை முதலில் கேளுங்கள்.

மறுநாள் மற்றவர்கள் வருமுன் கடையைத் திறந்தேன். ஒரு அட்டையில் "எல்லாப் பாஸையும் கையில் வாங்கிப் பார்" என்று எழுதி, கணினியில் என் பக்கமாக ஒட்டினேன்.