டகோட்டாவின் மூக்கு

செங்கல்வராயன் வீட்டில் சப்பாத்தி சுற்றுவதற்கென்று வாங்கிய அலுமினியத் தாள் ஒருநாளும் சப்பாத்தியைப் பார்த்ததில்லை. வாங்கி வந்த கையோடு அது முன்னறை மேசைக்குப் போய்விடும். அங்கே ஏதாவது ஒரு குட்டி பிளாஸ்டிக் விமானம் அம்மணமாக உட்கார்ந்திருக்கும். கல்பாக்கத்தில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்த மனுஷன். ஸ்டாஃப் பஸ்ஸை விட்டு இறங்கி, காபியைக் குடித்துவிட்டு அந்த மேசையில் உட்கார்ந்தாரென்றால் புதுப்பட்டினத்தில் இடியே விழுந்தாலும் தலை நிமிராது.

அதே அறையில் எதிர்ச்சுவர் ஓரமாகக் கன்னியம்மாவின் தையல் மிஷின். அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் அவள் தைத்த ஜாக்கெட்டைத்தான் போடுகிறார்கள். கல்யாணமாகி முப்பத்திநாலு வருடத்தில் பெரும்பகுதியைப் புருஷனும் பெண்டாட்டியும் அந்த அறையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே கழித்திருந்தார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. வெளிச்சம் அப்படித்தான் வந்தது.

"வெள்ளி பெயின்ட் அட்ச்சுட்டு போயேன், இன்னாத்துக்கு இந்தப் பாடு?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பெயின்ட்டு பெயின்ட்டாத்தான்டி கீது. பிளேன்னா தகடு தகடா தெரியணும்" என்றார்.

தகடு தகடாகத் தெரிய அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. தாளின் பின்பக்கம் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். அது காய்ந்தும் காயாமலும் இருக்கிற நேரம் பார்த்து விமானத்தின் மேல் வைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தேய்த்துப் படிய வைக்க வேண்டும். பிறகு தகடுகள் சேரும் கோட்டில் ஆபரேஷன் பிளேடை ஓட்டி மிச்சத்தை உரிக்க வேண்டும். அடியில் ஒரு தூசி மாட்டினால் போதும், மேலே பரு மாதிரி எழும்பி நிற்கும். உடனே உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு தகட்டுக்குத் தாளின் பளபளப்புப் பக்கம், அடுத்ததற்கு மங்கின பக்கம். இன்ஜின் ஓரத்துக்குக் கொஞ்சம் கறுத்த தகடு வேண்டுமென்று தாளை முட்டையோடு சேர்த்து வேக வைப்பார். அந்த முட்டையை யார் தின்பது என்று அவள் கத்துவாள்.

எல்லாம் வந்தது, மூக்கு மட்டும் வரவில்லை. உருண்டையான மூக்கில் தாள் எப்படி ஒட்டினாலும் சுருங்கியது. அதனால் அவர் செய்த விமானங்களுக்கெல்லாம் மூக்கு கறுப்பு பெயின்ட். சென்னையில் ஒரு கண்காட்சியில் யாரோ, "இந்த பிளேனுக்கு ஏதுங்க கறுப்பு மூக்கு?" என்று கேட்டுவிட, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரிடையரான பிறகு ஒரு டகோட்டா வாங்கினார். பழைய காலத்துப் பயணிகள் விமானம், உடம்பு பூராவும் வெறும் தகடு. இதற்கு மூக்கையும் தகடாகவே போடுவது என்று சபதம்.

ஒரு இறக்கையை முடித்திருந்தபோது பாத்ரூமில் விழுந்தார். பக்கவாதம். செங்கல்பட்டில் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து திரும்பியபோது வலது கையும் காலும் செத்த மாதிரி தொங்கின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. இன்னா. பசித்தாலும் இன்னா, வலித்தாலும் இன்னா. மேசையை விட்டு எழுந்தால் ஊரையே வாயால் வளைத்தவருக்கு ஒற்றைச் சொல் மிச்சம்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஜெனிட்டா என்ற பிசியோதெரபிப் பெண் வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டியில் வந்தாள். அவர் கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். இரண்டு மாதம் இப்படியே போனது.

"கைல உசுரு கீதும்மா. அப்பாவுக்குத்தான் மனசு இல்ல" என்று ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள் ஜெனிட்டா. "இப்படியே வுட்டா இன்னும் நாலஞ்சு மாசத்துல அந்தக் கை அவ்ளோதான். அவருக்குப் புடிச்ச வேலை எதுனா இருந்தா முன்னால கொண்டாந்து வைங்க."

கன்னியம்மா அன்றைக்கே டகோட்டாவை எடுத்தாள். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, மேசையில் தாளும் பசையும் பரப்பி, "சொல்லு, எங்க ஒட்டணும்?" என்றாள்.

இடது கையால் காட்டினார். அவள் ஒட்டினாள். அவர் குனிந்து பார்த்து மேசையை இரண்டு தட்டு தட்டினார். உரி, மறுபடி ஒட்டு என்று அர்த்தம். ஒன்பதாவது தடவை ஒரே ஒரு தட்டு விழுந்தது. சரி என்று அர்த்தம். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யப்பா, கல்யாண ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கற பொண்ணோட அம்மா கூட இவ்ளோ கொற சொல்ல மாட்டா" என்றாள். அவர் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. இன்னொரு பக்கத்துக்குச் சிரிக்க வரவில்லை.

அப்படித்தான் இரண்டாவது இறக்கை முடிந்தது, வால் முடிந்தது, உடம்பு முடிந்தது. தூசியளவு குறையைக்கூட அவர் விடவில்லை. இரண்டு தட்டு, இரண்டு தட்டு, எப்போதாவது ஒன்று. வேண்டுமென்றே படுத்துகிறாரோ என்று அவளுக்குச் சில சமயம் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இதற்கு நடுவில் அவர் ரப்பர் பந்தைக் கையிலெடுத்திருந்தார். யாரும் சொல்லாமலே அமுக்கினார். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்ட அன்றைக்கு ஜெனிட்டா கை தட்டினாள்.

மூக்கு மட்டும் பாக்கி. அவள் தாளை எடுத்தபோது அவர் விமானத்தைப் பிடுங்கித் தன் வலது உள்ளங்கையில் அழுத்தி வைத்துக்கொண்டார். "இன்னா!" என்று அதட்டினார். மூக்கு அவருடையது. அவளுக்கும் புரிந்தது.

தினமும் சாயங்காலம் முயற்சி செய்தார். கன்னியம்மா மிஷினைப் பார்த்தபடி திரும்பாமல் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் தாள் கிழியும், கசங்கும், உருண்டையாகிக் கீழே விழும். பெருக்கும்போது ஒருநாள் பதினேழு உருண்டைகள் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை உருண்டை விழும் சத்தத்துக்குப் பதிலாக வேறு ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். செங்கல்வராயன் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை, அவருடைய அம்மா செத்தபோதுகூட.

அவளால் தாங்க முடியவில்லை. இந்த ஒரு மூக்கால் மனுஷன் இப்படிச் சாக வேண்டுமா?

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது டகோட்டாவைத் தன் மிஷினுக்குக் கொண்டுபோனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. ஒரே துண்டில் வைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்? உருண்டையில் துணி படிய வேண்டுமென்றால் மடித்து டக் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று துண்டாக வெட்டிச் சேர்க்க வேண்டும். ஜாக்கெட் தைக்கிற எவளுக்கும் தெரிந்த சங்கதி. நியூஸ்பேப்பரைக் கிழித்து மூக்கில் வைத்து அளவு எடுத்தாள். நெஞ்சுக்குக் கிண்ணம் வைத்துத் தைக்கிற கட்டோரி ஜாக்கெட்டுக்கு வெட்டுவது போல மூன்று துண்டு, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சேரும் இடங்கள் தகட்டுக் கோட்டின் மேலேயே விழும்படி பார்த்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அவர் எழுந்ததும் மடியில் வைத்தாள்.

செங்கல்வராயன் பார்த்தார். இடது கட்டைவிரலால் மூக்கைத் தடவினார். சுருக்கத்தைத் தேடினார், நுனியில், பக்கவாட்டில், பைலட் கண்ணாடிக்குக் கீழே. வெகுநேரம் தேடினார். கடைசியில் மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

கன்னியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? ஜாக்கெட்டு தைக்கறவதானேன்னு நெனச்சல்ல? முப்பது வருசமா உன்கு வர்ல, என்கு ஒரே மதியத்துல வந்துச்சு பாரு!" என்று சிரித்தாள். செங்கல்பட்டில் இருக்கும் மகள் துர்காதேவிக்கு போன் போட்டு அதையே இன்னொரு தரம் சொன்னாள். அவள் போனை வைத்துவிட்டு வந்தபோது அவர் பிளேடையும் குச்சிகளையும் டப்பாவில் போட்டு, இடது கையால் மூடியை அழுத்தி மூடியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஜெனிட்டா வைத்த பந்து அவர் கையிலிருந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அடுத்த முறையும் அப்படியே. "நல்லாத்தானே வந்துகினு இருந்தாரு, இன்னாம்மா ஆச்சு?" என்று ஜெனிட்டா கேட்டாள். கன்னியம்மா குனிந்து கட்டிலுக்கடியில் கிடந்த பந்தை எடுத்தாள். அவளுக்குத் தெரியும். அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அதை அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்ததும் போதாமல் சிரித்தாள். இந்த வாயில் தீயை வைக்க என்று அடுப்படியில் நின்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். ஒரு மாதத்தில் அவருடைய வலது விரல்கள் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தன.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. டகோட்டாவை எடுத்துத் தான் ஒட்டிய மூன்று துண்டையும் நகத்தால் சுரண்டி எறிந்தாள். ஒரே துண்டுத் தாளைக் கன்னாபின்னாவென்று வைத்து அமுக்கினாள். மூக்கு முழுக்கச் சுருக்கம், ஓரத்தில் கிழிசல், அடியில் தூசி. தன் கைவேலையை அவள் அப்படி நாசம் பண்ணியது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து பிளேடை வலது கைப்பக்கம் வைத்தாள். விமானத்தை முன்னால் தள்ளினாள்.

"அன்னிக்கு ஒட்னது பிச்சுகினு வந்துடுச்சுய்யா. மறுபடி ஒட்டிப் பாத்தேன், வரவே மாட்டேங்குது. என்கு தெர்ல. நீதான் செய்யணும்."

செங்கல்வராயன் அந்த மூக்கைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபமில்லை, அவள் மேல் பரிதாபப்படுவது போலத்தான் இருந்தது. இடது கையைத் தூக்கி மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

உரி என்று சொல்லும் இரண்டாவது தட்டுக்காகக் கன்னியம்மா காத்து நின்றாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.