பாதிப்படியில் நின்ற சிரிப்பு

ஈஜிபுராவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மாடிப்படி பகலிலேயே இருட்டாக இருக்கும். பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் அவர்களுடைய இரண்டு வயதுப் பெண்ணை நான்தான் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் வந்ததும் அவளைக் கடைக்குக் கூட்டிப்போவார்கள். திரும்பி ஏறும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி வீசித் தூக்கிவருவார்கள். அவள் சிரிப்பது என் வீட்டுக்குள் கேட்கும்.

அன்று கரண்ட் இல்லை. சிரிப்பு பாதிப்படியில் நின்றுவிட்டது. ஒரு சின்ன வீறல். பிறகு சத்தமே இல்லை.

டார்ச்சோடு போனேன். குழந்தை சுவரோரம் நின்றிருந்தாள். இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. வீக்கமில்லை, சிராய்ப்பில்லை. பிஸ்கட் கொடுத்தபோது வலது கையால் வாங்கினாள். தொங்கிய கையை அவள் பார்க்கக்கூட இல்லை.

"அந்தக் கை எங்கடா தங்கம்?" என்றாள் அவள் அம்மா.

"கை போச்சு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பகல்ல எங்கயாச்சும் விழுந்தாளாக்கா?"

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குச் சட்டென்று பேச வராது.

கீழிருந்து வீட்டுக்காரம்மா மெழுகுவர்த்தியோடு வந்தார். "அந்தப் படி மொதல்லேர்ந்தே ஒரு மாதிரிதான். யாரோ கையப் புடிச்சிருக்காங்க. தர்காவுக்குத் தூக்கிட்டுப் போங்க."

"அவங்களுக்கும் சேத்துதான் வாடகை வாங்குறீங்களா ஆன்ட்டி?" என்றான் குழந்தையின் அப்பா. அவன் குரலும் சரியாக இல்லை.

தெருமுனை கிளினிக்கில் குழந்தை என் மடியைவிட்டு இறங்கவில்லை. டாக்டர் கையைப் பார்த்ததுமே கேட்டார். "யார் இழுத்தது?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் ஊஞ்சல் விஷயத்தைச் சொன்னான்.

"இந்த வயசுல முழங்கை எலும்பச் சுத்தியிருக்கிற நார் தளர்வா இருக்கும். கையப் புடிச்சு வெடுக்குனு தூக்கினா எலும்பு நழுவிடும். இனிமே அக்குள்ல கை குடுத்துத் தூக்குங்க."

பேசிக்கொண்டே உள்ளங்கையைத் திருப்பி முழங்கையை மடக்கினார். உள்ளே ஏதோ மெல்ல 'டக்'கென்றது. குழந்தை வீறிட்டு அழுதாள்.

"வெளிய உக்காருங்க. கொஞ்ச நேரத்துல தானா கையத் தூக்குவா. தூக்கலைன்னா எக்ஸ்ரே எடுக்கணும்."

உட்கார்ந்தோம். அழுகை அடங்கியது. கை அப்படியே தொங்கியது. அது வேறு யாருடையதோ என்பதுபோல் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழந்தை வாசல் பக்கம் போகிற ஆட்டோக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமலே அந்தக் கை மெல்ல எழுந்தது. விரல்கள் விரிந்தன. என் கன்னத்தில் ஊர்ந்து வந்து கம்மலை இறுகப் பிடித்துக்கொண்டன.

காது வலித்தது. நான் தலையை அசைக்கவில்லை.