பூ வெட்டு, இலை வெட்டாதே

நான் பூத்தோட்டக்காரன் ஆனது பூவின்மேல் ஆசைப்பட்டு அல்ல. ரப்பர் மரத்தை ஒழுங்காகச் சீவத் தெரியாததால். மலாயாவின் ஜொகூரில், மூவார் ஆற்றிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மரம் சீவ வேண்டும். கத்தி பட்டையோடு நின்றுவிட வேண்டும்; உள்ளே கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். எனக்கு லேசாக மாலைக்கண் இருந்தது. என் நிரையில் நின்ற மரங்களைப் பார்த்தால் அவற்றின்மேல் யாருக்கோ முன்விரோதம் இருந்ததுபோல் தோன்றும். கங்காணி இரண்டு வருடம் திட்டிப் பார்த்தார். பிறகு தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னார். துரை என்னைத் தம் பங்களாவுக்கு அனுப்பிவிட்டார். பகலில் புல் வெட்டுவதற்குக் கண் போதும் என்று நினைத்திருக்கலாம்.

அந்த வேலைக்கு மலாய்மொழியில் கெபுன் என்று பேர். கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் இதை முதலில் என் மனைவியிடம்தான் சொன்னேன். அவள் களையெடுக்கும் கூட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப மரமெல்லாம் பொழச்சிருச்சுன்னு சொல்லுங்க” என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்லி நான் ஜெயித்ததாக ஒரு நாளும் நினைவில் இல்லை.

நான்கு வருடம் நிம்மதியாகப் போனது. பிறகு ரப்பர் விலை படுத்துக்கொண்டது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள், அப்புறம் ஆளைக் குறைத்தார்கள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தார். அதில் பேர் ஏறினால் சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிடும். எனக்கு நாகப்பட்டினத்தில் ஒருவரும் இல்லை. மூன்று வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருவரும் ஐந்தாம் நம்பர் ரப்பர் காட்டுக்குப் பின்னால் புதைந்து கிடக்கிறார்கள். என் மனைவி இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். எங்களை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. பட்டியல் நீள நீள நான் ஆபீஸ் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன். மரம் சீவுகிறவனே வேண்டாம் என்கிற காலத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் எதற்கு?

துரையின் மனைவி துரைசாணிக்கும் அது தெரிந்திருந்தது. அவருக்கு என்மேல் கோபமும் இல்லை, தனிப்பிரியமும் இல்லை. தோட்டத்தில் பூ இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். துரைமார்கள் கூலிகளோடு பேசுவதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. அவர் அதை வைத்துத் தமிழ் படித்திருந்தார். அந்தப் புத்தகத்தில் கட்டளைகள் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும்.

“மூணு மாசம். ஏஜெண்டு தொரை வரும். சாப்பாடு. மேஜைல பூ வேணும். நல்ல பூ. அப்புறம் நான் தொரைகிட்ட சொல்லு, கெபுன் இருக்கட்டும்.”

கம்பெனி அனுப்புகிற ஏஜெண்டுத் துரை வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்தைப் பார்வையிட வருவார். எங்கள் துரையே அவர் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்பார். அவர் சாப்பிடும் மேஜையில் பூ இருந்தால் எனக்குக் கப்பல் இல்லை. எனக்கு இது முதல் தடவையிலேயே புரிந்தது.

சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். “கிளாரி” என்றார். பொட்டலத்தின்மேல் இருந்த படத்தை விரலால் காட்டி, “நீலம். இங்க வரைக்கும்” என்று தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். படம் ஈரம் பட்டு ஊறி, நீலமாக ஏதோ ஒன்று இருக்கிறது என்கிற அளவில்தான் தெரிந்தது. கடைசியாக, புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “பூ வெட்டு. இலை வெட்டாதே.”

இந்த இரண்டு கட்டளைகளால்தான் எல்லாம் வந்தது.

எந்த விதையானாலும் ஊறவைத்துப் போடுவது என் வழக்கம். பாதி விதையை ஒரு தகரக் குவளையில் ஊறப்போட்டு, சமையல்கட்டு ஓரம் நிழலில் வைத்துவிட்டுப் புல் வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது குவளை காலியாக இருந்தது. சமையல்காரர் ஒரு ஹைலாம் சீனர், பங்களாவில் என்னைவிட மூத்தவர். அவர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை.

“செலாசி லா” என்றார். “ரொம்ப நல்லா ஊறியிருந்துச்சு.”

சர்பத்தில் போடுகிறோமே சப்ஜா விதை, அதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பேர் செலாசி. இந்தச் சீமை விதையும் தண்ணீர் பட்டதும் அப்படியே வழவழவென்று உப்பியிருக்கிறது. அவர் அதை ரோஸ் சர்பத்தில் கொட்டி ஐஸ் போட்டுத் துரைக்குக் கொடுத்துவிட்டார். துரை இரண்டாவது கிளாஸ் கேட்டாராம். என் பிழைப்பில் பாதி இப்படித் துரை வயிற்றுக்குள் போனது. துரைசாணியிடம் நான் இதைச் சொல்லவில்லை. துரைக்கு ஏதாவது ஆகிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார்.

மீதி விதையை ஊறவைக்காமல் போட்டேன். ரப்பர் அனுப்பும் பலகைப் பெட்டிகள் அப்போது அனுப்ப ஒன்றுமில்லாமல் சும்மா கிடந்தன. அவற்றில் ஆற்று மணலும் மக்கிய இலையும் போட்டு, மழை நேராக அடிக்காமல் அத்தாப்பு ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்கினேன். ஜொகூர் மழைக்கு அந்தச் செடி பழக்கப்பட்டதல்ல. காலை வெயில் பிடிக்கும், மத்தியான வெயில் பிடிக்காது. தண்ணீர் பிடிக்கும், ஈரம் பிடிக்காது. முளைத்ததில் பாதி கழுத்தழுகிச் செத்தது. மிச்சத்தை நத்தையிடமிருந்து காப்பாற்ற அடுப்புச் சாம்பலைச் சுற்றிக் கொட்டினேன். என் பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்திருப்பேனா தெரியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முப்பது செடி தேறின. தண்டு சதுரமாக, இலை கொஞ்சம் சொரசொரவென்று, பார்ப்பதற்குத் துளசிக்கு ஒன்றுவிட்ட உறவுபோல் இருந்தன. முழங்காலுக்கு வரவில்லை, ஆனாலும் வளர்ந்தன. இரண்டு மாதம் ஆனபோது உச்சியில் இருந்த இலைகள் நிறம் மாற ஆரம்பித்தன. சிலது ஊதா, சிலது ரோஸ், சிலது வெளுப்பு. ஒன்றிலும் பூவில்லை. இலை தொட்டால் இலைதான், நரம்பு ஓடியது.

ரப்பர் காட்டில் வளர்ந்தவனுக்கு இலை நிறம் மாறினால் ஒரே அர்த்தம்தான்: நோய். கண்ட உடனே கிள்ளி எறி, பக்கத்துக்குப் பரவவிடாதே என்று கங்காணி சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். துரைசாணியோ இலையை வெட்டாதே என்று சொல்லியிருக்கிறார். வெட்டத்தானே கூடாது, கிள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் நிறம் மாறிய உச்சிகளைத் தேடித் தேடிக் கிள்ளினேன். ஒரு வாரம் கிள்ளினேன். எரிக்க மனம் வராமல் கூடையில் போட்டு லயத்துக்குக் கொண்டுவந்து குப்பையில் கொட்டினேன்.

என் மனைவி குப்பையைக் கிளறுகிற பழக்கம் உள்ளவள் அல்ல. ஆனால் நிறத்தைக் கண்டால் விடமாட்டாள்.

ஏஜெண்டுத் துரை வர மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, சாய்ப்புக்கு அடியில் நின்றேன். கிள்ளிய செடிகளில் கீழ்ப்பக்கம் பூ பூத்திருந்தது! அரிசி மணி அளவு. வாயைத் திறந்தாற்போல் இரண்டு உதடு. கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தால்தான் பூ என்று தெரியும். இதையா மேஜைமேல் வைக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் பூ பூதான், நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்போது துரைசாணி நாயைப் பிடித்துக்கொண்டு வேகமாக வருவதைப் பார்த்தேன். காலையில் நாயோடு களையெடுக்கும் காட்டுப் பக்கம் போய்வருவது அவர் வழக்கம். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

“தொரைசாணி, பூ வந்துருச்சுங்க” என்று ஒரு அரிசிப்பூவை விரல் நுனியில் வைத்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. செடிகளைப் பார்த்தார். ஒன்றுக்கும் உச்சி இல்லை. பிறகு பின்னால் திரும்பிக் கை காட்டினார். அங்கே அவர் கூட்டிக்கொண்டு வந்த என் மனைவி, கையில் களைக்கொட்டோடு நின்றாள். அவள் கொண்டையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டிய ஊதா இலைகள். முதல்நாள் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அவள் கதம்பம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மறுநாளும் வாடாமல் இருந்ததால் அப்படியே வேலைக்கு வந்துவிட்டார்கள். துரைசாணி இரண்டரை மாதமாகக் காத்திருந்த பூ, களையெடுக்கும் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தலைகளில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

“அது பூ” என்றார் துரைசாணி.

“இலைங்க, தொரைசாணி. சீக்கு வந்த இலை.”

“பூ!”

“நீங்கதானே பூ வெட்டு, இலை வெட்டாதேன்னு...”

என் மனைவி குறுக்கே வந்தாள். “ஏங்க, மருக்கொழுந்து என்ன பூவா? இலைதானே? அத நாங்க தலையில வைக்கலையா? பூக்காரங்கிட்ட போய் இலை குடுன்னா கேக்குறோம்? கண்ணுக்கு அழகா இருந்தா பூதான். தொரைசாணிக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல.”

இதில் எவ்வளவு துரைசாணிக்குப் புரிந்தது என்று தெரியாது. கிட்டே போய் என் மனைவியின் கொண்டையை முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். நான்கு வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தக் கையாலேயே கிள்ளிக் கிள்ளி நாகப்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நின்ற இடத்திலேயே அழுகை வந்தது.

செடிக்கு என்னைவிட அறிவு இருந்தது. உச்சி போனதும் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டது. மூன்று வாரத்தில் ஒன்று இருந்த இடத்தில் நான்கு, எல்லாம் குட்டை, எல்லாம் நிறம். விருந்தன்று காலையில் பனி காயுமுன் துரைசாணியும் நானும் சேர்ந்தே வெட்டினோம். அடியிலைகளை உருவிவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நிழலில் வைத்தோம். மிஞ்சியதை அவர் ஒரு கொத்தாகக் கட்டிச் சமையல்கட்டு விட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். காய்ந்தாலும் நிறம் போகாதாம்.

மறுநாள் காலை சமையல்காரர் விருந்துச் செய்தி சொன்னார். ஏஜெண்டுத் துரை மேஜையில் உட்கார்ந்ததும் பூவைத்தான் பார்த்தாராம். சாப்பிடும்போது மூன்று தடவை பார்த்தாராம். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். துரைசாணி பெருமையோடு, விதை சீமையிலிருந்து, வளர்த்தது எங்கள் ஆள் என்றாராம். ஏஜெண்டுத் துரை தலையை ஆட்டிக்கொண்டாராம்.

“நல்ல தலையாட்டலா, கெட்ட தலையாட்டலா?” என்று கேட்டேன்.

“தெரியாது லா. கோழி முழுசும் சாப்பிட்டாரு” என்றார்.

துரைசாணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிராணியின் பட்டியல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் என் பேர் இல்லை. நாங்கள் அன்று கோழி அடித்தோம். மறுமாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ரப்பர் விற்காத காலத்தில் சீமை விதையும் பூ வளர்க்க ஆளும் வைத்து விருந்து போடுகிற துரை இந்தத் தோட்டத்துக்குத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரையே இரண்டு தோட்டத்தையும் பார்த்துக்கொள்வார். கிராணி இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. காலியாகப் போகும் பங்களாவுக்குக் காவல் வேண்டும், அதற்கு நானே இருக்கலாம் என்றும் அதே கடிதத்தில் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சந்தோஷமாக இருந்ததால் வெட்கமாகவும் இருந்தது, இரண்டு நாள் பங்களா முன்வாசல் பக்கமே போகவில்லை.

அவர்கள் கிளம்பும் நாளில் என் மனைவி செடிகளில் மிச்சமிருந்த நாலைந்து கிளைகளை மல்லிகையோடு சேர்த்துக் கட்டி, தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு எடுத்து வந்தாள். வாழ்கிற பெண் வீட்டைவிட்டுப் போகும்போது வெறுந்தலையோடு அனுப்பக் கூடாது என்பது அவள் கட்சி. துரைசாணிக்குத் தலை இருந்தது, கொண்டை இல்லை; அந்தக் காலத்து மோஸ்தரில் காதோடு கத்தரித்து விட்டிருந்தார். என் மனைவி சளைக்கவில்லை. தன் கொண்டை ஊசியை உருவி, காதுக்கு மேலே இருந்த கொஞ்ச முடியில் குத்தி நிறுத்தினாள். துரை காரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைசாணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பூவா? இலையா?” என்றார்.

“பூதாங்க, தொரைசாணி” என்றேன்.

அவர் காரில் ஏறினார். அவர்களுக்கும் சிங்கப்பூரில்தான் கப்பல். வண்டி திரும்பும்வரை ஊசி நழுவவில்லை என்று என் மனைவி சொன்னாள். நான் பார்க்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன்.